காய்ச்சல் நேரத்தில் இரும்பு டானிக் எழுதித் தராத டாக்டரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உட்காரும் எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்தப் பேச்சை ஒப்பிப்பார்.

"புள்ளைக்கு நாலு நாளா காய்ச்சல் சார். ரத்தம் எட்டரைதான் இருக்குன்னு லேப்ல சொல்லிட்டாங்க. காய்ச்சல் மருந்தோட ஒரு ரத்த டானிக்கும் எழுதிருங்க."

"இப்ப வேணாம்மா. காய்ச்சல் விடட்டும். நல்லா சாப்பிட ஆரம்பிச்சதும் கண்டிப்பா குடுப்போம்."

"ரத்தம் கம்மின்னு நீங்களே சொல்றீங்க, டானிக் வேணாம்னும் நீங்களே சொல்றீங்களே சார்?"

நியாயமான கேள்வி. ஆனால் இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது இதற்குப் பதில் சொல்ல டாக்டருக்கு நேரம் இருக்காது. 'ஸ்டாக் இல்லைபோல, அதான் மழுப்புறாரு' என்று நினைத்துக்கொண்டு, வெளியே மெடிக்கலில் ஒரு பாட்டில் வாங்கி அன்று ராத்திரியே கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பதிலை ஆற அமர இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது இரும்புச்சத்து மாத்திரைக்கு எதிரான பதிவு கிடையாது. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். "டாக்டரே இரும்பு ஆபத்துன்னு எழுதிட்டாரு" என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் நண்பர்கள் தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுப் போடவும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் உடம்பில் இப்போது சுமார் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஒரு சின்ன ஆணியின் எடை. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினாக இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஃபெரிட்டின் என்ற புரதப் பெட்டிக்குள் சேமிப்பாக இருக்கிறது. ரத்தத்தில் பயணம் செய்கிற கொஞ்சூண்டு இரும்புகூடத் தனியாகப் போவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்கிற புரதம் அதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் ரத்தத்தில் யார் பிடியிலும் இல்லாமல் சுதந்திரமாகத் திரியும் இரும்பு அணு ஒன்றுகூட இருக்காது என்கிற அளவுக்குக் கெடுபிடி.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு காரணம், தனியாகத் திரியும் இரும்பு நம் செல்களையே அரித்துவிடும். இன்னொரு காரணம் கிருமி.

இரும்பு நமக்கு மட்டும் தேவைப்படுகிற சத்து இல்லை. நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் அது வேண்டும். மூச்சுவிட வேண்டும், சக்தி எடுக்க வேண்டும், ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இரும்பு. ஈ.கோலை என்கிற கிருமி, வேண்டிய சத்து எல்லாம் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இரும்பு கிடைக்காவிட்டால் அந்த ஓட்டம் நின்றுவிடும்.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கோழிமுட்டை என்றால் நம்புவீர்களா?

1944இல் அமெரிக்காவில் ஷேட், கரோலின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் கிருமிகளை வளர்க்கப் பார்த்தார்கள். சீதபேதிக் கிருமி வளரவில்லை. சீழ்க் கட்டி உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வளரவில்லை. ஈ.கோலையும் வளரவில்லை. எந்தச் சத்தைச் சேர்த்தால் வளரும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வைட்டமின்கள் சேர்த்தார்கள், பலிக்கவில்லை. கொஞ்சம் இரும்பைச் சேர்த்ததும் கிருமி மளமளவென்று வளர்ந்துவிட்டது. வெள்ளைக்கருவில் இருந்த ஒரு புரதம் இரும்பையெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போட்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து, மனித ரத்தத்திலும் அதே வேலையைச் செய்யும் ஒரு பொருள் இருப்பதை அதே இருவர் காட்டினார்கள். அதுதான் மேலே சொன்ன டிரான்ஸ்ஃபெரின்.

யோசித்துப் பாருங்கள். கோழி அடைகாக்கும்போது முட்டை 21 நாள் சூடாகக் கிடக்கிறது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். உள்ளே புரதமும் தண்ணீரும். கிருமிக்கு இதைவிட நல்ல இடம் எது? ஆனாலும் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை. அதற்கான காரணங்களில் ஒன்று இந்த இரும்புப் பூட்டு.

தாய்ப்பாலிலும் இதே பூட்டு இருக்கிறது. லாக்டோஃபெரின் என்று பெயர். பிரசவம் ஆன முதல் சில நாட்கள் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலில் அது ஏராளமாக இருக்கும். குழந்தையின் குடலில் இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு கிருமிகளைக் காய விடும். "மொதப் பாலு ஆகாது, பீச்சி ஊத்திரு. சேனை வச்சுக்கலாம்" என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கொட்டுவது எதை என்று தெரிந்தால் அவர்களே கொட்ட மாட்டார்கள்.

இது சாதாரண நாட்களில் நடக்கும் காவல். தொற்று வந்துவிட்டால் உடம்பு இன்னும் ஒரு படி மேலே போகும்.

ஊரில் திருட்டு பயம் என்று தெரிந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? கழுத்தில் கிடப்பதைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். அதையேதான் உடம்பு செய்கிறது. கிருமி நுழைந்த தகவல் கல்லீரலுக்குப் போனதும் அது ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இந்த ஹார்மோனைக் கண்டுபிடித்தே இருபத்தைந்து வருடம்தான் ஆகிறது. நாம் சாப்பிடும் இரும்பு குடலிலிருந்து ரத்தத்துக்குள் வரும் வாசலையும், பழைய சிவப்பணுக்களை உடைத்து அதன் இரும்பைத் திரும்ப ரத்தத்துக்கு அனுப்பும் செல்களின் வாசலையும் அது சாத்திவிடும். சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் ஓடும் இரும்பு குறைந்துவிடும். உள்ளே பெட்டிகளில் ஃபெரிட்டின் ஏறும்.

இப்போது அந்தக் குழந்தைக்கு லேபில் இரும்பு அளவு பார்த்தால் என்ன வரும்? குறைவு என்று வரும். நகை கழுத்தில் இல்லை, பீரோவில் இருக்கிறது. அதை வறுமை என்று படித்தால் தப்புக் கணக்கு.

இதன் மறுபக்கமும் உண்டு. நிஜமாகவே இரும்பு குறைவாக உள்ளவருக்கும் காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் ஏறி 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்துவிடும். அதனால்தான் பெரியவர்களுக்கு ஆரோக்கியமாக இருக்கும்போது 15க்குக் கீழே போனால் குறைபாடு என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், தொற்று இருக்கும்போது 70க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்படு என்கிறது. காய்ச்சலோடு போய் 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜ் எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் வருவதைப் பார்த்துத் தூக்கம் கெடுபவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: உடம்பு சரியாகி ஓரிரு வாரம் கழித்துப் போங்கள். அந்தப் பேக்கேஜ் எங்கேயும் ஓடிப்போகாது.

நாம் பூட்டினால் கிருமி சும்மா இருக்குமா? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் அந்தக் காலத்தில் பாதாளக் கரண்டி விடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வளையத்தில் நிறைய கொக்கிகள், கயிற்றில் கட்டி உள்ளே விட்டுத் துழாவினால் எதிலாவது மாட்டி வாளி மேலே வரும். பாக்டீரியாக்கள் அப்படி ஒரு கொக்கியைத் தயாரித்து வெளியே வீசுகின்றன. அதற்கு சிடெரோஃபோர் என்று பெயர். கிரேக்க மொழியில் இரும்பைச் சுமப்பது என்று அர்த்தம். ஈ.கோலை வீசும் என்டரோபாக்டின் என்ற கொக்கி, இரும்பைப் பிடிக்கும் சக்தியில் டிரான்ஸ்ஃபெரினைவிடப் பல மடங்கு பலசாலி. நம் புரதத்தின் கையிலிருந்தே இரும்பைப் பிடுங்கிக்கொண்டு திரும்பக் கிருமியிடம் போய்ச் சேர்ந்துவிடும். காசநோய்க் கிருமிக்கும் மைக்கோபாக்டின் என்று சொந்தக் கொக்கி உண்டு.

நம் உடம்பும் லேசுப்பட்டது இல்லை. லிப்போகாலின்-2 என்று ஒரு புரதத்தை அனுப்பி, அந்தக் கொக்கியையே இரும்போடு சேர்த்து அமுக்கிவிடும். உடனே கிருமி என்ன செய்கிறது தெரியுமா? சால்மோனெல்லா போன்றவை கொக்கியின் மேல் சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டிவிடுகின்றன. லிப்போகாலினின் பிடிக்குள் அது இப்போது நுழையாது. கொக்கி தப்பித்துவிடும். மூளை என்ற ஒன்றே இல்லாத ஒரு செல் உயிரியின் வேலை இது. கோடிக்கணக்கான வருடங்களாக இந்தத் திருடன்-போலீஸ் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கிறது.

கொக்கி வீசுகிற பொறுமைகூட இல்லாத கிருமிகளும் உண்டு. மேகவெட்டை நோய்க் கிருமியும் அதன் அண்ணன் தம்பியான மூளைக்காய்ச்சல் கிருமியும் மனித டிரான்ஸ்ஃபெரினை நேரடியாகப் பிடித்து இரும்பை உருவிக்கொள்ளும். வேறு விலங்குகளின் டிரான்ஸ்ஃபெரின் இவற்றுக்குச் சரிப்பட்டு வராது. மனிதனைத் தவிர மற்றவர்களிடம் இவை பிழைக்கத் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டெஃபிலோகாக்கஸ் பக்கா கொள்ளைக்காரன். சிவப்பணுக்களை உடைத்து, ஹீமோகுளோபினை வெளியே எடுத்து, அதற்குள் இருக்கும் இரும்பைச் சூறையாடும்.

தொண்டை அடைப்பான் கிருமி இன்னும் மோசம். சுற்றி இரும்பு குறைந்துவிட்டது என்று தெரிந்தால்தான் அது விஷத்தைக் கக்கவே ஆரம்பிக்கும். 'இரும்பு இல்லையா, அப்போ நான் மனித உடம்புக்குள் இருக்கிறேன்' என்று அடையாளம் கண்டுகொள்வது மாதிரி. தடுப்பூசி தயாரிப்பவர்கள் இந்தக் கிருமியை வளர்த்து விஷத்தை எடுத்து, அதைச் செயலிழக்கச் செய்துதான் தடுப்பூசி ஆக்குகிறார்கள். அப்படி வளர்க்கும்போது இரும்பின் அளவை ரொம்பக் குறைவாக வைத்துக்கொள்வார்கள். இரும்பு கூடினால் விஷம் சுரக்காது. உங்கள் பிள்ளைக்கு ஒன்றரை மாதத்தில் போடும் பென்டா ஊசிக்குப் பின்னால் இந்த நுணுக்கமும் இருக்கிறது.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிற விஷயம், நிஜத்தில் இரும்பு அவ்வளவு வித்தியாசம் பண்ணுமா என்று கேட்பீர்கள். ஒரு மனிதரின் கதை சொல்கிறேன்.

மால்கம் கசடபன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மரபணு விஞ்ஞானி. பிளேக் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிளேக் என்றதும் பயப்படாதீர்கள், அவர் வைத்திருந்தது பல்லைப் பிடுங்கிய பாம்பு. இரும்பு திரட்டும் திறனை இழந்துபோன, பலவீனமாக்கப்பட்ட வகை. ஆரோக்கியமான மனிதருக்குள் போனால் இரும்பு கிடைக்காமல் செத்துவிடும் என்பதால் ஆராய்ச்சிக்கூடங்களில் அதைப் பெரிய ஆபத்தாகக் கருதியதே இல்லை. 2009 செப்டம்பரில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சில நாளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், சேர்ந்த அன்றே இறந்துபோனார். வயது 60. ரத்தத்தில் அதே பலவீனமான பிளேக் கிருமி.

பல் பிடுங்கிய பாம்பு எப்படிக் கொன்றது? இறந்த பிறகு நடந்த பரிசோதனைகளில் தெரிந்தது. அவருக்கு ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரைக் கோளாறு இருந்திருக்கிறது. உடம்பு தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சிச் சேர்த்துக்கொண்டே போகும் நோய். அவருக்கே அது தெரியாது. கொக்கி இழந்த கிருமிக்கு, பூட்டாத வீடு கிடைத்துவிட்டது. அந்த இரும்பு மிகுதிதான் கிருமிக்கு உயிர் கொடுத்திருக்கும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011இல் வெளியிட்ட அறிக்கை கருதுகிறது.

ஹீமோகுரோமடோசிஸ் நம்மூரில் அபூர்வம். ஆனால் தலசீமியா இருக்கிறது. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு உடம்பில் இரும்பு குவிந்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தலசீமியா பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், 'ரத்த டானிக்' என்ற பேச்சே உங்கள் வீட்டில் கூடாது. பக்கத்து வீட்டார் எவ்வளவு பாசமாக வாங்கி வந்தாலும் சரி.

அடுத்து நான் சொல்லப்போவது இதைவிட முக்கியம். தான்சானியாவில் பெம்பா என்று ஒரு தீவு. மலேரியா கடுமையாக இருந்த இடம். அங்கே மூன்று வயதுக்கு உட்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் தினமும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நல்ல எண்ணம்தான், ரத்தசோகையைக் குறைக்க வேண்டும். ஆனால் 2003இல் இரும்பு கொடுப்பதைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இரும்பு வாங்கிய குழந்தைகளில், கடும் நோயால் ஆஸ்பத்திரியில் சேருவதும் இறப்பதும் சேர்த்து 12 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2006இல் லான்செட் இதழில் முடிவுகள் வந்தபோது உலகமே உலுக்கிப் போட்டது போல் ஆனது.

மலேரியா பாக்டீரியா இல்லை, ஒட்டுண்ணி. ஆனால் அதற்கும் இரும்புப் பசி உண்டு. அதே ஆய்வுக்குள் இன்னொரு செய்தியும் இருந்தது. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே ரத்தம் பரிசோதித்து, மலேரியாவுக்கும் சரியாக வைத்தியம் பார்த்தார்கள். அவர்களில் நிஜமாகவே இரும்புக் குறைபாட்டு ரத்தசோகை இருந்த குழந்தைகளுக்கு இரும்பு நன்மையே செய்தது. என்னைப் பொறுத்தவரை பெம்பா ஆய்வின் சாரமே இந்த இரண்டாவது செய்திதான். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு 'இரும்பு விஷம்' என்று வீடியோ போடுகிறவர்கள் பாதி உண்மையை விற்கிறார்கள். இன்று உலக சுகாதார நிறுவனம் மலேரியா உள்ள பகுதிகளில் இரும்பு கொடுக்க வேண்டாம் என்று சொல்வதில்லை. மலேரியாவைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் வைத்தியம் செய்யவும் ஏற்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள் என்கிறது.

நம் நாட்டிலும் இது ஏதோ என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அங்கன்வாடி வழியாக வாரம் இரண்டு முறை கொடுக்கும் இரும்பு சிரப்புக்கான அரசு வழிகாட்டுதலிலேயே காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நிமோனியா இருக்கும்போது நிறுத்தி வைக்கச் சொல்லி இருக்கிறது. எலும்பும் தோலுமாக வரும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டுக் குழந்தைக்கும் அப்படித்தான். பார்த்தாலே ரத்தம் இல்லை என்று தெரியும். ஆனாலும் சேர்த்த முதல் சில நாட்கள் இரும்பு கொடுப்பதில்லை. தொற்றுக்கு வைத்தியம் பார்த்து, பசி திரும்பி, எடை ஏறத் தொடங்கிய பிறகுதான், பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில், இரும்பு.

அப்படியானால் என் கருத்து என்ன? காய்ச்சலில் இரும்பை நிறுத்துவதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கவலை எல்லாம் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி.

'காய்ச்சல் விட்டதும் குடுக்கலாம்' என்று சொல்லியாகிவிட்டது. காய்ச்சல் விட்டுவிடும். பிள்ளை விளையாடப் போய்விடும். அப்பா வேலைக்குப் போய்விடுவார். நல்லா இருக்கும் பிள்ளையை ரத்தசோகைக்காக மறுபடி ஓ.பி. வரிசையில் நிறுத்த யாருக்கு நேரம்? எட்டரை அப்படியே எட்டரையாக நிற்கும். அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கி வழியும், கவனம் நிற்காது, 'மக்கு' என்று பேர் வாங்கும். பெண் பிள்ளையாக இருந்தால் அந்த எட்டரையோடே வயதுக்கு வந்து, கல்யாணமாகி, பிரசவ வார்டுக்கு வரும். பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனால் தாங்குவதற்கு உடம்பில் இருப்பு இருக்காது. காய்ச்சலில் ஐந்து நாள் டானிக் கொடுத்து யாருக்கு என்ன கெடுதல் வந்தது என்று கணக்கெடுப்பது கஷ்டம். ஆனால் காய்ச்சலுக்குப் பிறகு இரும்பைத் தொடங்காமல் விட்டதன் விலையைத் தினமும் பார்க்கிறோம்.

அதனால் நீங்கள் சண்டை போட வேண்டிய இடம் வேறு. 'இப்ப வேணாம்' என்று டாக்டர் சொன்னால் சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'எப்போ ஆரம்பிக்கணும், தேதி எழுதிக் குடுங்க சார்' என்று விடாமல் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி இருக்க வேண்டும். எந்தத் தேதியில் திரும்ப ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். சீட்டு தொலைந்துவிட்டால் உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் போய்ச் சொல்லுங்கள். அரசாங்கம் இலவசமாகத் தரும் மாத்திரை அவரிடமே இருக்கும்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண சளி, தும்மலுக்காக அந்தச் சிவப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு, நிமோனியா என்று ஏதாவது வந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ரத்தம் ஏழு, எட்டு என்று இருப்பவர்களுக்கு நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்றுவோம், அந்த 'சாக்லேட் கலர் குளுக்கோஸ்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுவோம். வாயில் போட்ட மாத்திரையைக் குடல் வாசலில் ஹெப்சிடின் தடுத்துவிடும். நரம்பில் ஏற்றுவது அந்த வாசலைத் தாண்டி நேராக உள்ளே போய்விடும். "ஆட்டோ பிடிச்சு வந்தோம், போடாம திருப்பி அனுப்புறாங்க" என்று அப்போது கோபம் வருவது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அன்று திருப்பி அனுப்புவதுதான் சரியான வைத்தியம்.

ரத்தம் ஏற்றுவது இதிலிருந்து வேறு. மூச்சு வாங்கும் அளவுக்கு, இதயம் திணறும் அளவுக்கு ரத்தம் குறைந்துவிட்டால் காய்ச்சல் இருந்தாலும் ரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும். "டாக்டர் பேஸ்புக்ல காய்ச்சல் நேரத்துல வேணாம்னு எழுதினாரு" என்று அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். முருங்கைக்கீரை, முட்டை, ஈரல், பேரீச்சம்பழம் எல்லாம் காய்ச்சலில் கொடுக்கலாமா? பிள்ளை சாப்பிட்டால் தாராளமாகக் கொடுங்கள். உணவில் வரும் இரும்பு கொஞ்சம், அதிலும் காய்ச்சல் நேரத்தில் உடம்பு உள்ளே விடுவது இன்னும் கொஞ்சம். இரும்பு இருக்கிறது என்று பயந்து கஞ்சியோடு நிறுத்துவது அபத்தம். காய்ச்சல் பிள்ளைக்குப் பட்டினிதான் பெரிய எதிரி.

காசநோய் வைத்தியத்தில் இருப்பவர்கள் 'ரத்தம் கம்மி'யைப் பார்த்துப் பதறி, தாங்களாகவே டானிக் வாங்கக் கூடாது. பலருக்கு அந்த ரத்தசோகைக்குக் காரணமே உடம்பு இரும்பைப் பூட்டி வைத்திருப்பதுதான். ஆறு மாத மருந்தை ஒழுங்காகச் சாப்பிட, பூட்டு தானாகத் திறந்து ரத்தம் ஏறும். ஏறாதவர்களுக்கு என்ன காரணம் என்று பார்த்து நாங்களே கொடுப்போம்.

இன்னொரு விஷயம், இது ஃபார்மஸியில் நிற்கும்போது உதவும். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளை இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால், வயிற்றுக்குள்ளேயே இரும்பு அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்துக்குப் போகாது, காய்ச்சலும் குறையாது. "மாத்திரை வேலை செய்யல, ஊசி போடுங்க" என்று வருபவர்களிடம் என்னென்ன மாத்திரை சேர்த்துச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சில நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும். தைராய்டு மாத்திரைக்கும் இதே கதைதான், நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கடைசியாக ஒரு நல்ல சேதி. கிருமியின் இந்த இரும்புப் பசியையே எலிப்பொறியில் மசால்வடை வைக்கிற மாதிரி பயன்படுத்தி ஒரு மருந்து வந்திருக்கிறது. செஃபிடெரகால் என்று பெயர். ஜப்பானிய நிறுவனம் ஒன்று உருவாக்கியது, 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆன்டிபயாடிக்கின் முதுகில் சிடெரோஃபோர் மாதிரியே ஒரு கொக்கியை ஒட்டிவிட்டார்கள். அது ரத்தத்தில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். 'ஆகா, நம்ம இரும்பு வண்டி வருது' என்று கிருமியே கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் மருந்து தன் வேலையைக் காட்டும். ஐ.சி.யூ.வில் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அசையாத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகளுக்கு எதிராகக் கையில் மிஞ்சியிருக்கும் வெகு சில ஆயுதங்களில் இதுவும் ஒன்று. இதற்கும் எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் ஏற்கெனவே வரத் தொடங்கிவிட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சளிக்கெல்லாம் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கும் வழக்கத்தைப் பற்றி இன்னொரு நாள் தனிப் பதிவில் திட்டுகிறேன், இன்றைக்கு அது வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் இரும்பு மாத்திரை அட்டையைக் குப்பையில் போட நினைத்தவர்கள் அதைத் திரும்ப எடுத்து வைத்து, இன்று காய்ச்சல் இல்லை என்றால் இன்று ராத்திரியே சாப்பிடுங்கள். பாலோடும் டீயோடும் வேண்டாம், எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாக ஏறும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். இன்று நைட் டூட்டி, நாளை மதியத்துக்கு மேல் ஒவ்வொன்றாகப் பதில் போடுகிறேன். லேப் ரிப்போர்ட்டைப் பேர், போன் நம்பரோடு அப்படியே போட்டோ எடுத்துப் பொதுவில் போடாதீர்கள், ப்ளீஸ்.